"உள்ளே துணி விட்டாயா?": ஒரு கடைப் பலகை வரைந்த அனுபவம்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் என் அக்கா தையல் கடை திறந்திருக்கிறாள். இத்தனை காலம் வீட்டு முன்னறையில் தைத்தவள், இப்போதுதான் ஷட்டர் வைத்த கடைக்கு வந்திருக்கிறாள். ஷட்டர் என்றால் அதற்கு மேலே பலகை வேண்டும். "நீதான் கம்ப்யூட்டரில் படம் போடுகிறாயே, நீயே போட்டுக்கொடு" என்றாள். நான் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கல்யாணப் பத்திரிகை, கொலு அழைப்பு என்று பொழுதுபோக்காக வரைந்து பழகியவன். பலகை வரைந்ததில்லை. அதைச் சொல்லவும் இல்லை.

மென்பொருளைத் திறந்ததும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் வந்து நிற்கும். என் கணினியில் அது ஏ4, அதாவது 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். அதைப் படுக்கவைத்தேன், வரைந்தேன். புள்ளிகளாக இல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமிக்கப்படும் வெக்டார் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது, வரைகிற தாளான கேன்வாஸ் எந்த அளவில் இருந்தால் என்ன என்பதுதான் அன்று என் எண்ணம். வெக்டாரைப் பற்றி எல்லோரும் முதலில் படிக்கிற வரி அதுதான். அந்த வரியை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வரைந்தேன். மேலே "வேணி தையலகம்", நடுவில் கத்தரிக்கோல், வலப்பக்கம் ஆரி வேலை செய்த ரவிக்கையின் புகைப்படம், கீழே தொலைபேசி எண். பார்க்க அழகாகவே இருந்தது.

மறுநாள் மாலை திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். "எத்தனை அடி சார்?" என்று கேட்டார்கள். அக்கா சொல்லியிருந்தபடி "ஒன்பதடி அகலம், இரண்டரை அடி உயரம் இருக்கும்" என்றேன். கணினி முன் இருந்த தம்பி என் கோப்பைத் திறந்து, அளவுக் கட்டத்தில் இரண்டு எண்களையும் தட்டினார். "பரவாயில்லை சார், இழுத்துவிடலாம்" என்றார். இழுத்தும்விட்டார். ஏ4 தாளில் நீளம் அகலத்தைப் போல 1.41 மடங்கு. அக்காவின் சுவரிலோ 3.6 மடங்கு. "வே"யின் சுழி நசுங்கிய முட்டையாயிற்று. கத்தரிக்கோல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ரவிக்கையைப் போட்டுக்கொள்ள யானைதான் வரவேண்டும்.

பெரிதாக்கினால் உடையாது என்பது உண்மைதான், எதுவும் உடையவில்லை. விகிதம் மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த வரி சொல்வதில்லை. இழுக்காமல் பொருத்தவேண்டுமானால் எல்லாவற்றையும் கலைத்து மீண்டும் அடுக்கவேண்டும். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வேலை வீண். கோப்பை மூடச் சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

அடுத்த நாள் அக்காவின் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். அவள் கீழே நின்று குறித்துக்கொண்டாள். "ஒரு இடத்தில் அளந்துவிட்டு இறங்காதே. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று" என்றாள். உடம்பு அளவு எடுத்துப் பழகியவள் பேச்சு. அவள் சொன்னது நல்லதாயிற்று. மேலே அகலம் 9 அடி 4 அங்குலம், கீழே 9 அடி 2.5 அங்குலம். ஷட்டர் பெட்டிக்கும் சன்ஷேடுக்கும் இடையே இடது ஓரத்தில் 33 அங்குலம், வலது ஓரத்தில் 31 அங்குலம். சென்னையில் செங்கோணம் உள்ள சுவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் சிறிய எண்ணை எடுத்து, கொஞ்சம் கழித்து, இரும்புச் சட்டத்தின் வெளி அளவு 9 அடிக்கு 2.5 அடி என்று முடிவு செய்தோம். அங்குலத்தில் 108 x 30. வெல்டிங் செய்கிற அண்ணன் முதலில் கேட்ட கேள்வியே "உள் அளவா, வெளி அளவா?" என்பதுதான். நான் ஏ4 தாளைத் திறப்பதற்கு முன்னால் என்னை யாராவது இப்படிக் கேட்டிருக்கலாம்.

இனி கேன்வாஸ் 108 x 30 என்று வைத்தால் போதும் என்று நினைத்தேன். அக்காதான் கேட்டாள்: "உள்ளே துணி விட்டாயா?"

ரவிக்கை தைக்கும்போது உடம்பு அளவுக்கே துணியை வெட்டமாட்டார்கள். தையலுக்கு, மடிப்புக்கு, பின்னால் பிரித்துத் தைக்க என்று உள்ளே துணி விட்டு வெட்டுவார்கள். ஃப்ளெக்ஸும் துணி மாதிரிதான், சட்டத்தின் மேல் இழுத்து மடித்துப் பின்பக்கம் பிடிக்கவேண்டும். ஒரு அங்குலக் குழாய் என்பதால் பக்கவாட்டுக்கு ஒரு அங்குலம், பின்பக்கம் மடிக்க ஒரு அங்குலம். நாலு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் கூட்டினால் 112 x 34. அச்சகத்தார் ப்ளீட் என்று சொல்வது இதைத்தான். விசிட்டிங் கார்டுக்கு 3 மி.மீ. போதும், சட்டத்தில் மடிக்கும் பலகைக்குப் போதாது.

அச்சகத்துக்குத் தொலைபேசியில் இந்த அளவைச் சொன்னபோது இன்னொன்று தெரிந்தது. ஃப்ளெக்ஸ் சுருள் 3 அடி, 4 அடி, 5 அடி என்று குறிப்பிட்ட அகலங்களில் வருகிறது. என்னுடைய 34 அங்குலம் 3 அடிச் சுருளில் அடங்கிவிடும். பேராசைப்பட்டு இடது ஓரத்து 33 அங்குலத்தைச் சட்டத்தின் உயரமாக வைத்திருந்தால், மடிப்பையும் சேர்த்து 37 ஆகியிருக்கும். ஒரு அங்குலத்துக்காக 4 அடிச் சுருளுக்குப் போய், வெட்டி எறிகிற துண்டுக்கும் காசு கொடுத்திருப்பேன். ஆக, கேன்வாஸின் உயரத்தைப் பாதி சுவர் முடிவு செய்தது, மீதியைச் சுருள் முடிவு செய்தது.

அடுத்த கேள்வி, நிஜ அளவிலேயே வரைவதா, சுருக்கி வரைவதா என்பது. நிஜ அளவில் வரைய இங்க்ஸ்கேப் தடை சொல்லாது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. பிடிஎஃப் கோப்பின் பழைய வரையறையில் ஒரு பக்கத்தின் உச்ச அளவு 14,400 புள்ளிகள். அங்குலத்துக்கு 72 புள்ளி என்பதால் அது 200 அங்குலம், அதாவது 16 அடி 8 அங்குலம். இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளின் கேன்வாஸும் வெகுகாலம் 227 அங்குலத்தோடு நின்றிருந்தது, 2020இல்தான் அதைப்போல் பத்து மடங்கு வரை போகும் வசதி வந்தது. இருபதடி மேடைப் பதாகை வரைகிறவர்கள் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்து பழகியது இதனால்தான். நமக்கு 112 அங்குலம், இந்தத் தொல்லை கிடையாது.

இருந்தும் நான் பத்தில் ஒன்றாகவே வரைந்தேன். காரணம் வேறு. 112 x 34ஐப் பத்தால் வகுத்தால் 11.2 x 3.4 அங்குலம், மி.மீ. கணக்கில் 284.48 x 86.36. ஏ4 தாளைப் படுக்கவைத்தால் 297 மி.மீ. அகலம் இருக்கிறது. ஆகவே முழுப் பலகையையும் வீட்டு பிரிண்டரில் ஒரே தாளில் அச்சிட்டுப் பார்த்துவிடலாம். பத்தில் ஒரு பங்குப் படத்தை இரண்டடி தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜப் பலகையை இருபதடி தள்ளி, எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பதற்குச் சமம். ஐந்தடி தள்ளி வைத்தால், தெருமுனையில் ஐம்பதடி தூரத்தில் வருகிறவர் பார்வை. தாளைப் பீரோவில் ஒட்டி, அக்காவை ஐந்தடி தள்ளி நிற்கவைத்தேன். "பெயர் தெரிகிறது, போன் நம்பர் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது" என்றாள். எண்ணைப் பெரிதாக்கினேன். மறுபடி அச்சிட்டேன். மூன்றாவது தாளில்தான் படிக்க முடிந்தது. இந்த ஒரு சோதனைக்காகவே பத்தில் ஒரு பங்கு என்பதை நான் விடமாட்டேன்.

எழுத்துகளின் அளவு விஷயத்தில் சட்டமே கொஞ்சம் வழிகாட்டியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948இன்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்கவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2 என்ற விகிதம். அக்காவுக்கு இரண்டு மொழி போதும். தமிழ் எழுத்து 7.5 அங்குலம், அதன் கீழே ஆங்கிலத்தில் வேணி டெய்லர்ஸ் 4.5 அங்குலம். தமிழில் ணியின் கொக்கி மேலே ஏறும், "தை"யின் கொம்பு இடத்தை அடைக்கும், ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப்போல ஒரே உயரக் கட்டத்தில் அடங்காது. அதனால் தமிழ் வரிக்கு மேலே கூடுதலாக இடம் விட்டேன். சட்டத்தின் விளிம்பிலிருந்து மூன்று அங்குலத்துக்குள் எந்த எழுத்தும் வராதபடி வழிகாட்டிக் கோடுகளும் போட்டேன்.

இவ்வளவு பார்த்தும் அச்சகத்தில் மறுபடி மாட்டிக்கொண்டேன். பத்தில் ஒரு பங்குக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, "பத்து மடங்கு பெரிதாக்கவும்" என்று ஒரு குறிப்போடு கொடுத்தேன். அந்தத் தம்பி பெரிதாக்கித் திரையை என் பக்கம் திருப்பினார். எழுத்துக்குப் பின்னால் நான் ஆசையாகப் போட்டிருந்த மங்கலான நிழல் முழுவதும் சதுரம் சதுரமாக, கோலப்புள்ளி வைத்த மாதிரி இருந்தது. மங்கலாக்கும் ஃபில்டர் எதுவும் பிடிஎஃப்புக்குப் போகும்போது வெக்டாராக இருப்பதில்லை, பிக்சல் படமாகிவிடுகிறது. என் கணினியில் அதற்கான தெளிவு அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று இருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கினால் அங்குலத்துக்குப் பத்துகூட இல்லை. ஒவ்வொரு சதுரமும் இரண்டரை மி.மீட்டருக்கு மேல்.

புகைப்படத்தின் கதை இதைவிட மோசம், அதுவும் பத்தில் ஒரு பங்குக் கேன்வாஸ் சொன்ன பொய்தான். ரவிக்கைப் படத்தை அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். என்னிடம் வந்து சேர்ந்தது 1600 x 1200 பிக்சல். சிறிய கேன்வாஸில் அதன் அகலம் 3 அங்குலம். அங்குலத்துக்கு 533 பிக்சல், கண்ணாடி மாதிரித் தெளிவு. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. பலகையில் அதே படம் 30 அங்குலம், அங்குலத்துக்கு 53 பிக்சல்தான். கேமராவில் இருந்த அசல் 4000 x 3000. அதை வாங்கி, பெயருக்கு இடம் வேண்டுமென்று படத்தையும் 20 அங்குலமாகக் குறைத்தேன். இப்போது அங்குலத்துக்கு 200 பிக்சல். தெருவில் நின்று பார்க்கிற பலகைக்கு இது தாராளம்.

நிழலை எடுத்தே விட்டேன். அது இல்லாததை அக்கா இன்றுவரை கவனிக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் நிஜ அளவுக் கோப்பாகவே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கினேன். எழுத்து வளர்ந்தது, கத்தரிக்கோல் வளர்ந்தது. பலகையைச் சுற்றி ஓட்டுத் தையல் மாதிரி விட்டுவிட்டு ஒரு கோடு போட்டிருந்தேன், மொத்தப் படத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதைக் காணவில்லை. உற்றுப் பார்த்தால், ஒன்பதடிப் பலகையில் அரை மி.மீ. தடிமனில் ஒரு மயிரிழை ஓடிக்கொண்டிருந்தது. பொருளைப் பெரிதாக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து வளரவேண்டுமா என்பதற்கு இங்க்ஸ்கேப்பில் தேர்வுக் கருவியின் பட்டையில் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. நான் எப்போதோ அதை அணைத்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்று அணைத்திருந்தால்கூட ஆறுதலாக இருக்கும்.

பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி பெரிதாக்கியிருக்கலாம். அதைவிட நல்ல வழி ஒன்று நினைவுக்கு வந்தது. இங்க்ஸ்கேப் படத்தைச் சேமிக்கிற எஸ்விஜி கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். தொடக்கத்திலேயே கேன்வாஸின் அகலம், உயரம் இரண்டும் மி.மீட்டரில் இருக்கும். பக்கத்திலேயே வியூபாக்ஸ் என்று நாலு எண்கள். அகலமும் உயரமும் தாளின் நிஜ அளவு. வியூபாக்ஸ் என்பது படத்தின் உள்கணக்கு, அந்தத் தாளின்மேல் எத்தனை கட்டம் போட்டிருக்கிறது என்பது மாதிரி. வியூபாக்ஸை 0 0 284.48 86.36 என்று அப்படியே விட்டுவிட்டு, அகலத்தை 2844.8 மி.மீ. என்றும் உயரத்தை 863.6 மி.மீ. என்றும் மாற்றிச் சேமித்தேன். அவ்வளவுதான். கோடு, எழுத்து, இடைவெளி எல்லாம் ஒரே நொடியில் பத்து மடங்கு. ஓட்டுத் தையல் ஐந்து மி.மீ. தடிமனில் ஜம்மென்று வந்து நின்றது. படத்தில் ஒரு பொருளையும் தொடவேண்டியிருக்கவில்லை. செய்வதற்கு முன்னால் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, நான் எடுக்கவில்லை.

இந்த உள்கணக்கு பற்றிய ஒரு பழைய கடனும் இப்போதுதான் தீர்ந்தது. கத்தரிக்கோல் சின்னம் 2015இல் அக்காவின் ரவிக்கை லேபிளுக்காக வரைந்தது. அன்றைய இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்தை 90 பிக்சல் என்று கணக்கிட்டது. 2017இல் வந்த 0.92 பதிப்பில், வலைத்தளங்களின் கணக்கை ஒட்டி 96 ஆக்கிவிட்டார்கள். பழைய கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தால், இது திரைக்கான படமா, அச்சுக்கான படமா என்று ஒரு பெட்டி கேட்கும். கேட்கும் பெட்டிகளையெல்லாம் படிக்காமல் மூடுவது என் வழக்கம். சில வருடங்களுக்கு முன் அப்படி மூடியதில் 2 அங்குல லேபிள் 1.875 அங்குலமாகச் சுருங்கி அச்சாகி வந்தது. எட்டில் ஒரு அங்குலம்தானே என்றேன். தையல்காரியிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இந்த முறை பெட்டியைப் படித்து, அச்சுக்கான படம் என்று பதில் சொன்னேன்.

நிஜ அளவுக் கோப்பையும் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. முழுப் பலகையை வீட்டில் அச்சிட முடியாது, ஆனால் அதிலிருந்து ஏ4 அளவுக்கு ஒரு சன்னலை வெட்டி எடுக்கலாம். புகைப்படத்தின் ஓரமும் ஆங்கில எழுத்தின் ஒரு துண்டும் சேர்ந்து வருகிற இடமாகப் பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் ஏற்றுமதி செய்து அச்சிட்டேன். ஒரு தாளில் டெய்லர்ஸின் கடைசி எழுத்தும் அரைக் கை ரவிக்கையும். கடைக்கு எடுத்துப்போய் ஷட்டர் மேல் ஒட்டி, எதிரே போய் நின்று பார்த்தோம். தெருவில் போகிறவர்களும் நின்று பார்த்தார்கள்.

கடைசியாக எழுத்துரு. அச்சகத்தில் இருந்தது கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பு. முதல்முறை திறந்தபோதே "வே"யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. "தை"க்கு நடுவில் ஒரு புள்ளி வட்டம். தமிழில் வரைகிற எல்லோருக்கும் தெரிந்த வலி இது. இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத் என்ற கட்டளை கொடுத்து எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிட்டால் தீர்ந்தது. திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் தொலைபேசி எண் எப்படியும் மாறும். நிறத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. திரையில் கண்ட சிவப்பு ஃப்ளெக்ஸில் கொஞ்சம் மட்டாகத்தான் வரும், வந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் மாட்டிவிடவேண்டும் என்று அக்கா பறந்துகொண்டிருந்தாள். புரட்டாசிக் கடைசியில் பலகை வந்தது. நாலு பக்கமும் விட்ட இரண்டு அங்குலத்தைச் சட்டத்தின் பின்னால் மடித்து ரிவெட் அடித்தார்கள். ஓட்டுத் தையல் விளிம்புக்கு இணையாக, இம்மி பிசகாமல் ஓடியது. மடிப்புக்குள் எதுவும் போகவில்லை. வெல்டிங் அண்ணன் நீர்மட்டம் வைத்துப் பார்த்து, குமிழ் நடுவில் நிற்கிற இடத்தில் போல்ட்டை முடுக்கினார்.

அக்கா சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய்ப் பார்த்தாள். "இடது பக்கம் இறங்கியிருக்கிறதே" என்றாள்.

"நீர்மட்டம் சரியாகக் காட்டுகிறதே அம்மா" என்றார் அண்ணன். நானும் போய்ப் பார்த்தேன். பலகை நேர்தான். அதற்கு மேலே இருக்கிற சன்ஷேட்தான் வலப்பக்கம் இரண்டு அங்குலம் சரிந்திருக்கிறது. நாங்கள் அளந்து குறித்த அதே 33க்கும் 31க்கும் உள்ள வித்தியாசம். பலகைக்கு மேலே இடது ஓரத்தில் மூன்று அங்குல இடைவெளி, வலது ஓரத்தில் ஒன்று. யார் பார்த்தாலும் பலகையைத்தான் கோணல் என்பார்கள்.

"இடது பக்கத்தை ஒரு அங்குலம் தூக்குங்கள்" என்றாள் அக்கா. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். போல்ட்டைத் தளர்த்தி, தூக்கி, மறுபடி முடுக்கினார். நீர்மட்டத்தின் குமிழ் ஓரத்துக்கு ஓடிவிட்டது. அக்கா மறுபடி எதிரே போய் நின்று, "இப்போது நேராக இருக்கிறது" என்றாள்.